எக்ஸிலேட்டர் கேபிள் லூஸா டைட்டா எண்டு வீட்டிலயே பார்த்து சரி பண்றது எப்பிடி

எங்கட மட்டக்களப்புப் பக்கம் முழுக்க மட்டமான தரைதானே. கல்லடியில இருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் ஓடினாலும் காருக்கு முழு பவரும் தேவைப்படுற மாதிரி ஒரு ஏத்தம் வராது, அதனால எக்ஸிலேட்டர் கேபிள் லூஸாகி த்ரொட்டில் (என்ஜினுக்குள்ள காத்து விடுற கதவு) முக்கால்வாசிதான் திறக்குது எண்டாலும் ஓட்டுறவருக்கு அது விளங்காது. செங்கலடியால திரும்பி மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலை, பசறை ஏத்தத்துல அஞ்சு பேரோட ஏறக்குள்ளதான் வாகனம் இழுக்காம நிக்கும். உடனே என்ஜின் பலவீனம், கிளட்ச் போயிட்டு, பெற்றோல் பம்ப் போயிட்டு எண்டு ஆளாளுக்கு ஒண்டு சொல்லுவாங்க, காசும் போகும். கேபிளை ஒருக்கா பார்த்துட்டு மறுகா மத்ததெல்லாம் பாருங்க எண்டுதான் நான் எல்லாருக்கும் சொல்றது.

லூஸை விட டைட்தான் ஆபத்து. கேபிள் இழுத்துப் பிடிச்சு நிண்டா நீங்க காலை எடுத்தாலும் த்ரொட்டில் முழுசா மூடாது, ஸ்லோ (பெடலை மிதிக்காம இருக்கக்குள்ள என்ஜின் சுத்துற வேகம்) ஏறியே நிக்கும், பெற்றோல் குடிக்கும், ஓட்டோ கியர் எண்டா பிரேக்கில இருந்து காலை எடுத்ததும் வாகனம் முன்னுக்குப் பாயப் பார்க்கும். பள்ளிக்கூடம் விடுற நேரம் ரோட்டுல அப்பிடி ஒரு வாகனம் நிக்கிறத நினைச்சுப் பாருங்க.

முதல்ல உங்கட காருக்கு கேபிள் இருக்கா எண்டு பார்க்கணும். பிரியஸ், அக்குவா மாதிரி புது வாகனங்கள்ல பெடலுக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவுல வயர்தான், கேபிள் இல்ல, அதுல நீங்க டைட் பண்ண ஒண்டும் கிடையாது. பழைய மாருதி 800, கொரோலா 110, லான்சர் மாதிரி வாகனங்கள்ல பொனட்டைத் திறந்தா உள்பக்கச் சுவர்ல இருந்து கறுப்பு உறை போட்ட கேபிள் ஒண்டு வந்து, த்ரொட்டில்ல இருக்கிற அரைவட்டச் சில்லுல கொழுவி இருக்கும். பெடலை ஒராள் மிதிச்சா அந்த சில்லு சுத்தும், அதுதான் அடையாளம்.

பார்க்கிறதுக்கு முதல் என்ஜினை நல்லா சூடாக்குங்க, ரேடியேட்டர் பேன் ஒருக்கா சுத்தி நிண்டா காணும். குளிர்ந்த என்ஜின்ல ஸ்லோ கூடுதலா வைக்கிற அமைப்பு வேலை செய்யும், சில காபரேட்டர்ல (பழைய வாகனங்கள்ல பெற்றோலையும் காத்தையும் கலக்கிற பாகம்) த்ரொட்டில கொஞ்சம் திறந்தும் பிடிச்சிருக்கும், அந்த நேரம் அளந்தா பிழையான கணக்குத்தான் வரும். ஏசியும் நிப்பாட்டி இருக்கணும். சூடானதும் என்ஜினை நிப்பாட்டி, சாவியைக் கழட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுட்டு வேலையைத் தொடங்குங்க, மெனிபோல்ட் (என்ஜினோட பூட்டியிருக்கிற புகைக் குழாய்) பக்கம் கை பட்டா சுட்டுப்போடும், கவனம்.

இப்ப உறைக்கு வெளியில தெரியிற அந்த மெல்லிசு கம்பியை நடுவுல விரலால மெதுவா அமத்திப் பாருங்க. கொஞ்சம் தொய்வு இருக்கணும். எவ்வளவு எண்டது வாகனத்துக்கு வாகனம் வேற, அளக்கிற முறையும் வேற: ஹொண்டா பழைய மொடல் கனக்கதுல கம்பி 10 இலிருந்து 12 மில்லிமீற்றர் வரைக்கும் வளையணும் எண்டு இருக்கும், மிட்சுபிசில உள்கம்பிக்கு 1 இலிருந்து 2 மில்லிமீற்றர் ஆட்டம் எண்டு இருக்கும். அதனால ஒரு வாகனத்துக் கணக்கை இன்னொண்டுக்குப் போடாதீங்க, உங்கட மொடலுக்குரிய மெனுவல் இருந்தா அதுல இருக்கிறதுதான் கணக்கு. மெனுவல் இல்லாட்டி குறைஞ்சது இதைப் பாருங்க: காலை எடுத்திருக்கக்குள்ள சில்லு போய் அதுட ஸ்டொப்பர்ல முட்டி நிக்கணும், அதுக்குப் பிறகும் கம்பியில கண்ணுக்குத் தெரியிற சின்னத் தொய்வு ஒண்டு இருக்கணும். வீணைக் கம்பி மாதிரி விறைச்சு நிண்டா அது டைட்.

அடுத்தது முழுசா திறக்குதா எண்டு பார்க்கிறது, இதுக்கு இன்னொராள் வேணும். ஏர் குழாயைக் கழட்டிட்டு நீங்க த்ரொட்டில் வாய்க்குள்ள பாருங்க, அவர் பெடலை அடிமட்டும் மிதிக்கட்டும், உள்ள இருக்கிற தகடு காத்துப் போற திசைக்கு நேரா வந்து நிக்கணும். சாய்ஞ்சு நிண்டா முழுசா திறக்கல்ல. காபரேட்டர் வாகனம் எண்டா ஒருக்கா ரெண்டுதரத்துக்கு மேல மிதிக்க வேணாம், ஒவ்வொரு மிதிக்கும் பெற்றோல் உள்ளுக்குப் பீச்சும், பக்கத்துல சிகரெட்டும் வேணாம்.

திறக்கல்ல எண்டதும் ஸ்பேனரைத் தூக்காதீங்க, முதல்ல கீழ குனிஞ்சு பெடலைப் பாருங்க. கடல் மண் வீட்டுக்குள்ளயே வாற ஊர் எங்கட ஊர், அதனால ஒரு மெட்டுக்கு மேல இன்னொரு மெட், அதுக்கு மேல ரப்பர் ஷீட் எண்டு அடுக்கி வைச்சிருப்பாங்க, பெடல் அதுல முட்டி நிக்கும். மெட்டை எடுத்துட்டு மறுபடி பாருங்க, சிலநேரம் வேலை அதோட முடிஞ்சிடும். பெடலுக்கு மேல கேபிள் நுனி கொழுவுற இடத்துல சின்ன பிளாஸ்டிக் புஷ் ஒண்டு இருக்கும், அது தேஞ்சிருந்தாலும் லூஸ் காட்டும்.

அட்ஜஸ்ட் பண்றது லேசு. த்ரொட்டில் பக்கத்துல கேபிள் உறை ஒரு பிரக்கட்டுல பிடிச்சிருக்கும், அந்த பிரக்கட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு நட் இருக்கும், கூடுதலா 10 இல்லாட்டி 12 ஸ்பேனர் சரி வரும். ஒண்டை லூஸாக்கி மற்றதைச் சுத்தினா உறை முன்னுக்குப் பின்னுக்குப் போகும். உறை சில்லை நோக்கி வந்தா கம்பி லூஸாகும், சில்லை விட்டு விலகிப் போனா டைட்டாகும், இதை மட்டும் மனசுல வைச்சுக் கொள்ளுங்க. அரைச் சுத்து, பார், மறுபடி அரைச் சுத்து, பார், அப்பிடிப் போங்க, ஒரேயடியா சுத்த வேணாம். சில வாகனத்துல நட்டுக்குப் பதிலா காடி வெட்டின உறையும் ஒரு கிளிப்பும்தான், கிளிப்பைக் கழட்டி ஒரு காடி தள்ளிப் போட்டா சரி. முடிஞ்சதும் ரெண்டு நட்டையும் ஒண்டுக்கொண்டு எதிரா நல்லா இறுக்குங்க, எங்கட ரோட்டு ஆட்டத்துக்கு லூஸா விட்ட நட் கழண்டு போகும்.

ஓட்டோ கியர் பழைய டொயோட்டாக்கள்ல இதே மாதிரி இன்னொரு கேபிள் பக்கத்துலயே நிக்கும், அது கியர்பொக்ஸுக்குப் போற கேபிள். அதைத் தொடவே வேணாம், அதுட அளவு பிழைச்சா கியர் மாறுற நேரம் பிழைக்கும், அப்பிடியே ஓடினா கியர்பொக்ஸே போகும்.

இப்ப என்ஜின் நிண்டபடியே கையால சில்லைத் திருப்பி விடுங்க. டக் எண்டு திரும்பிப் போய் முட்டணும். மெதுவா ஊர்ந்து போனா கம்பி நுனியை சில்லுல இருந்து கழட்டிட்டு மறுபடி திருப்பிப் பாருங்க, இப்ப டக் எண்டு போனா பிழை கேபிள்ல, இன்னும் ஊர்ந்தா த்ரொட்டில்ல அழுக்கு இல்லாட்டி ஸ்பிரிங் பலவீனம். மாரி மழையில வெள்ளத்துக்குள்ள நிண்ட வாகனங்கள், கடற்கரையோரம் உப்புக்காத்துல நிக்கிற வாகனங்கள் எல்லாத்திலயும் உறைக்குள்ள துரு பிடிக்கிறது சாதாரணம். கம்பியில ஒரு இழை அறுந்து முள்ளு மாதிரி நிண்டாலும் கேபிளை மாத்துங்க, அந்த முள்ளு உறைக்குள்ள கொழுவினா த்ரொட்டில் திறந்தபடியே நிண்டிடும். உறைக்குள்ள வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இருக்கிற கேபிளுக்கு ஓயில் ஊத்தாதீங்க, மண்ணையும் வயல் தூசியையும் பிடிச்சு இன்னும் இறுகும்.

எல்லாம் முடிச்சு ஸ்டார்ட் பண்ணி, ஸ்லோ முந்தி இருந்ததை விட ஏறல்ல எண்டு பாருங்க. பிரேக்கை நல்லா மிதிச்சுக் கொண்டு கியரை டி, ஆர் எண்டு மாத்தக்குள்ள ஸ்லோ ஏறிச்செண்டா என்ஜின் மவுண்ட் (என்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர்) தேஞ்சு என்ஜின் அசையிற அசைவுல கேபிள் இழுபடுது, அதுக்கு மவுண்டைத்தான் மாத்தணும், கேபிளை இன்னும் லூஸாக்கி மறைக்கக் கூடாது. ஸ்லோ ஸ்க்ரூவைத் தொடுறது இதெல்லாம் சரியான பிறகுதான். இஞ்செக்ஷன் வாகனத்துல (காபரேட்டர் இல்லாத வாகனம்) சில்லு முட்டுற ஸ்டொப்பர் ஸ்க்ரூ கம்பனியில செட் பண்ணி வாறது, அதைத் திருப்பவே வேணாம்.

ஓடிக்கொண்டிருக்கக்குள்ள எக்ஸிலேட்டர் கொழுவி நிண்டா பிரேக்கை ஒரே அமத்தா அமத்தி நியூட்ரலுக்குப் போடுங்க, என்ஜின் சத்தம் போட்டாலும் போடட்டும், ஓரத்துல நிப்பாட்டின பிறகு ஓஃப் பண்ணுங்க. ஓடுற வாகனத்துல சாவியை உருவினா ஸ்டேரிங் பூட்டிக் கொள்ளும்.

புதுக் கேபிள் வாங்கப் போனா பழசைக் கழட்டிக் கையோட கொண்டு போங்க, ஒரே மொடல்லயே கியருக்கும் என்ஜினுக்கும் ஏத்த மாதிரி நீளம் மாறும். போட்ட பிறகு கொஞ்ச நாள் ஓடினதும் தொய்வை ஒருக்கா திரும்பப் பாருங்க, புதுக் கேபிள் உறை இடத்துல அமர்ந்த உடனே கொஞ்சம் லூஸ் காட்டும்.