மலையடிவார ஊராட்சியில் ஏரியின் வரத்துக் கால்வாயை மீட்பது எப்படி

ஜவ்வாது மலைச் சரிவில் நல்ல மழை பெய்து, ஒடுகத்தூர் வழியே உத்திரகாவேரியில் செந்நீர் ஓடுகிற அதே வாரத்தில், சில கல் தொலைவிலுள்ள ஏரியொன்று முழங்கால் அளவுத் தண்ணீரோடு கிடப்பதை வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டார மக்கள் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த ஏரிக்குக் குறைவது பெரும்பாலும் ஆழமன்று, நீர் வந்து சேரும் வழிதான். ஆகவே ஊராட்சியிடம் ஏரியைத் தோண்டும்படி கேட்பதற்கு முன்னால் வரத்துக் கால்வாயைக் கேளுங்கள். எங்கள் ஊரில் நாங்கள் முதல்முறை கொடுத்த மனுவில் ‘ஏரியைச் சீரமைக்க வேண்டும்’ என்று மட்டுமே எழுதியிருந்தோம். கரையைச் செதுக்கி மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள், கால்வாயை யாரும் தொடவில்லை, அந்த ஆண்டும் ஏரி நிரம்பவில்லை. எழுதிய சொல்லுக்குத்தான் வேலை நடக்கும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

பங்குனி, சித்திரை மாதங்களில், கால்வாய் காய்ந்திருக்கும்போது, ஏரியின் உள்வாயிலிருந்து மலையடிவாரம் வரை நடந்து பாருங்கள். புறப்படுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பார்த்து, ஏரி, ஓடை, கால்வாய் என்று பதிவாகியுள்ள புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புலத்துக்குமுரிய புலப்படத்தில் கால்வாயின் அகலம் தெரியும். அந்த அகலத்தையும், நாடா பிடித்து நீங்கள் அளக்கும் இன்றைய அகலத்தையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதினால், எந்த இடத்தில் எத்தனை அடி காணாமற்போயிற்று என்பது யாருடைய வாதமும் இல்லாமல் விளங்கிவிடும்.

அடைப்பு எப்போதும் குப்பையாலும் புதராலும் மட்டும் வருவதில்லை. எங்கள் கால்வாயில் தார்ச்சாலைக்கு அடியில் இரண்டு சிமெண்டுக் குழாய்கள் பதித்த சிறுபாலம் ஒன்று உண்டு. குழாயின் வாய் கால்வாய்த் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்ததால், மேல்பக்கம் மணல் மேடிட்டு, வருகிற நீரெல்லாம் சாலையோரமாகத் திரும்பி, பக்கத்துக் கொல்லையில் வேர்க்கடலையை அரித்துக்கொண்டு போயிற்று. குழாயடியில் ஒரு குச்சியை நட்டு, மணல் மேட்டோடு சேர்த்துப் படமெடுத்து மனுவில் இணைத்த பிறகுதான் பொறியாளர் நேரில் வந்து பார்த்தார்.

அடுத்து ஏரி யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதை உறுதிசெய்யுங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலப்பரப்பு, 100 ஏக்கருக்கு (40 ஹெக்டேருக்கு) உட்பட்ட ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும் உள்ளன. கால்வாயின் மேல்பகுதி காப்புக்காட்டுக்குள் சென்றால் வனத்துறையின் அனுமதியில்லாமல் அங்கே மண்வெட்டி போடக் கூடாது, ஆகவே வனச்சரகருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம் கொடுங்கள்.

இதன்பின் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்களில் அது கூடுகிறது. வடாற்காடு வட்டாரத்தில் ஆடி, ஆவணியிலிருந்தே மழை பிடிப்பதால், மே மாதத்தில் தீர்மானம் போட்டால் அந்த ஆண்டு வேலை முடிவது கடினம். அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டம் பேசப்படும் அக்டோபர் 2 கூட்டத்திலேயே கேட்டுவிடுவது என் அனுபவத்தில் நல்லது. கூட்டத்துக்குச் சில நாள் முன்னதாகவே ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் எழுத்தில் கொடுத்துப் பேசுபொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைவெண் வரம்பையும் மறக்கக் கூடாது: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும் இருந்தாக வேண்டும். பீஞ்சமந்தை போன்ற மலை ஊராட்சிகளில் குக்கிராமங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால், ஆட்களை அழைத்து வர வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். ‘இன்ன புல எண் முதல் இன்ன புல எண் வரையுள்ள ஏரி வரத்துக் கால்வாயைப் புலப்படத்தில் உள்ள அகலத்துக்குத் தூர்வாரவும், இன்ன இடத்திலுள்ள சிறுபாலத்தைக் கால்வாய்த் தரைமட்டத்துக்குத் தாழ்த்திக் கட்டவும் இச்சபை தீர்மானிக்கிறது’ என்ற அளவுக்குத் துல்லியம் வேண்டும். பதிவேட்டில் அது அப்படியே ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். நகலை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வனம், நெடுஞ்சாலை, வருவாய் என்று பல துறைகள் குறுக்கிட்டால், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் முறையிடுவதே விரைவான வழி, ஏனெனில் எல்லாத் துறையினரும் அங்கே ஒரே கூடத்தில் இருப்பார்கள்.

ஆக்கிரமிப்பு இருந்தால் வட்டாட்சியர் 1905 ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம். ஆனாலும் முதலில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரோடு போய் அந்தக் கழனிக்காரரிடம் பேசுங்கள். அறுவடை முடியும்வரை பொறுக்கிறோம் என்றால் பலர் தாமே வரப்பை உள்ளே தள்ளிக்கொள்கிறார்கள். அப்படிக் கிடைத்த வழி வழக்கில் கிடைத்த வழியைவிட நெடுநாள் நிற்கிறது.

வட்டாட்சியரின் அனுமதியோடு விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுக்கலாம். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டரும் புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டரும் அதற்கான அளவு. அப்போது கரையின் அடியை ஒட்டித் தோண்ட விடாதீர்கள், கரை பலமிழக்கும். மதகின் வாய்மட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அதில் தேங்கும் நீர் கிணறுகளுக்கு உதவினாலும் மதகு வழியாகக் கழனிக்குப் பாயாது.

வேலை முடிந்து முதல் மழை விழும் நாளன்று மண்வெட்டியோடு மறுபடி கால்வாய் நெடுகப் போங்கள். புதிதாக வெட்டிய கரையில் எலி வளை அளவு ஓட்டை இருந்தாலும் நீர் அதைக் கண்டுபிடித்துவிடும். தண்ணீர் வரும்போதே அங்கே நான்கு மண் வெட்டிப் போட்டு மிதித்துவிட வேண்டும்.