ஒரு ஈசிஜி, ஒரு விடை: ஆன்லைனில் ஈசிஜி பயிலும் டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாக்டர்களுக்கு ஆன்லைனில் ஈசிஜி வாசிக்கச் சொல்லித்தருகிறேன். ஒவ்வொரு முறை புது வகுப்பு தொடங்கும்போதும், நான் பயின்ற காலத்தில் செய்த அதே தவறுகளைப் புதியவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். அன்றைக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்ததை இன்றைக்குத் திரையில் செய்கிறார்கள், அவ்வளவுதான். சின்னக் கட்டம் 0.04 விநாடி, பெரிய கட்டம் 0.2 விநாடி, தாளின் வேகம் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் என்கிற அடிப்படைகளில் வரும் தடுமாற்றம் கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடும். அதை இங்கே தொடவில்லை. நன்றாகப் படிக்கிறவர்களிடமும் தேர்வில் முன்னால் நிற்பவர்களிடமும் ஒட்டிக்கொண்டிருக்கும் தவறுகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

## விடையை எட்டிப் பார்த்துவிட்டுப் படிப்பது

ஆன்லைன் பாடத்தில் ஈசிஜி படத்துக்குக் கீழேயே விளக்கமும் இருக்கும். விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் விடை வந்துவிடும். விடை தெரிந்த பிறகு படத்தைப் பார்த்தால் எல்லாமே பளிச்சென்று தெரியும். "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனசு சொல்லும். அதை நம்பாதீர்கள்.

கீழே இறங்குவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: வேகம், ரிதம், ஆக்சிஸ் (மின்னலை ஓடும் திசை), பிஆர் (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னலை போகும் நேரம்), க்யூஆர்எஸ் (கீழறைகளின் கூர்மையான அலை), க்யூடி (க்யூஆர்எஸ் தொடக்கம் முதல் டி அலை முடிவு வரை), எஸ்டி (க்யூஆர்எஸ்ஸுக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட பகுதி), டி அலை. கடைசியில் "இது என்ன, இப்போது நான் என்ன செய்வேன்" என்று ஒரு வரி. பேனாவால் எழுதிய விடை தப்பானால் உறுத்தும், அந்த உறுத்தல் மறக்க விடாது. மனசுக்குள் சொல்லிக்கொண்ட விடையோ, சரியான விடையைப் பார்த்ததுமே சத்தமில்லாமல் அதுபோல மாறிக்கொள்ளும்.

வரிசையாக எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு. முதலில் கண்ணில் பட்டதோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் போகும். ரிதம் ஒழுங்கில்லாமல் வேகமாக ஓடுகிறது, "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்" (மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) என்று கண்டுபிடித்தாயிற்று, சந்தோஷம். க்யூஆர்எஸ் ஏன் துடிப்புக்குத் துடிப்பு அகலம் மாறுகிறது என்று அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. டபிள்யூபிடபிள்யூ (மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கூடுதல் மின்பாதை) உள்ள நோயாளிக்கு, வழக்கமான மின்பாதையான ஏவி நோடை அடக்கும் மருந்து போய்ச் சேருவது இப்படித்தான்.

## மெஷின் அச்சடித்த வரியை முதலில் படிப்பது

மெஷின் தானே கணித்த விடை அச்சாகியிருக்கும் தாளின் மேல்பகுதியை மடித்து மறைத்துவிட்டுப் படியுங்கள். முடித்த பிறகு திறந்து பாருங்கள்.

## ஒரே ஈசிஜியோடு நின்றுவிடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இது. இதை நம் பாடங்களே கற்றுக்கொடுக்கின்றன என்பதால் எரிச்சல் இரட்டிப்பு.

ஆன்லைன் தேர்வு எப்படி இருக்கும்? ஒரு படம், நான்கு விடைகள், ஒன்றைத் தொட வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கில் படித்தவருக்கு, விடை இந்தத் தாளுக்குள்ளேயே இருக்கிறது என்ற எண்ணம் கேட்காமலே பதிந்துவிடும். உண்மையில் 12 லீட் ஈசிஜி (லீட் என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவு) என்பது 10 விநாடிப் பதிவு. வழக்கமான தாளில் ஒவ்வொரு லீடுக்கும் கிடைப்பது இரண்டரை விநாடி. கரோனரி குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பதும், அது கொஞ்சம் கரைந்து வழிவிடுவதும், மறுபடி அடைப்பதும் நிமிடக் கணக்கில் நடக்கும் சமாச்சாரம். அதில் எந்த இரண்டரை விநாடி உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எங்கள் வகுப்புத் தேர்வுகளில் எப்போதும் முன்னால் நின்ற ஓர் இளம் டாக்டர், ஒரு நாள் இரவு டியூட்டியிலிருந்து ஒரு ஈசிஜியை அனுப்பினார். "சார், இதில் எதையாவது விட்டுட்டேனா?" ஐம்பதைத் தொட்ட ஆண். நெஞ்சில் அழுத்தம், வியர்வை. மெஷின் "நார்மல்" என்று அச்சடித்திருந்தது. இதயத்தின் அடிச்சுவரைப் பார்க்கும் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீடுகளில், மாரடைப்பைக் காட்டும் எஸ்டி உயர்வு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மூன்றில் மட்டும் அரை மில்லிமீட்டர் இருக்கலாம். ஆனால் அந்த மூன்றாம் லீடில் க்யூஆர்எஸ் சின்னது. அதன் பின்னால் வந்த டி அலை அதைவிடப் பெரிது, அடிப்பகுதி அகன்று தடித்திருந்தது. ஏவிஎல்லில் எஸ்டி லேசாகக் கீழே சரிந்து, டி அலை தலைகீழாக நின்றது.

"அடுத்த ஈசிஜியை அனுப்புங்கள்" என்றேன்.

"ஒண்ணுதான் சார் எடுத்தோம். நார்மலா இருந்துச்சு, வலியும் குறைஞ்சிருந்துச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டோம். இப்போ திரும்ப வந்திருக்கார்."

திரும்ப வந்தபோது எடுத்த ஈசிஜியைப் படிக்க எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை. மூன்று லீடுகளிலும் எஸ்டி எழும்பி நின்றது, கூடவே முழு ஹார்ட் பிளாக் (மேலறையின் மின்னலை கீழறையை எட்டாத நிலை). உயிர் பிழைத்துக்கொண்டார். பிறகு எடுத்த எக்கோவில் இதயத்தின் அடிச்சுவர் சரியாக அசையவில்லை.

அந்த டாக்டர் ஏவிஎல்லைக் கவனிக்காததை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை. ஏவிஎல், மூன்றாம் லீடுக்கு ஏறக்குறைய எதிர்த்திசையிலிருந்து இதயத்தைப் பார்க்கிறது. அதனால் அடிச்சுவர் மாரடைப்பின் ஆரம்பத்தில் மூன்றாம் லீடு தெளிவாக மாறும் முன்பே ஏவிஎல்லில் சரிவு தெரியலாம். இது பழகப் பழக வரும் நுட்பம்; அனுபவம் உள்ளவர்களும் சில நேரம் தவறவிடுவார்கள். ஆனால் வலியோடு ஒருவர் படுத்திருக்கும்போது இருபது நிமிடம் கழித்து இன்னொன்று எடுப்பதற்கு எந்த நுட்பமும் வேண்டாம். அதைச் செய்திருந்தால் ஏவிஎல் தெரியாதவருக்கும் விஷயம் பிடிபட்டிருக்கும். "ஒண்ணுதான் எடுத்தோம்" என்ற அந்த வார்த்தையை இன்றும் வேறு வேறு ஆட்களிடமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விதி ஒன்றும் சிக்கலானதல்ல. நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் முதல் ஈசிஜி. அதில் முடிவு தெரியவில்லை, ஆனால் வலி தொடர்கிறது அல்லது சந்தேகம் வலுவாக இருக்கிறது என்றால் முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்ப எடுக்க வேண்டும். வலி கூடினாலோ மாறினாலோ நேரம் பார்க்காமல் உடனே எடுக்க வேண்டும். எலெக்ட்ரோடுகளைக் கழற்றாமல் விடுங்கள், கழற்றத்தான் வேண்டுமென்றால் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். இல்லையென்றால் இடம் மாறியதால் வந்த வித்தியாசத்தை நோயின் மாற்றம் என்று எண்ணிவிடுவீர்கள். மார்பில் ஒட்டும் லீடுகளில் வி1 முதல் வி3 வரை எஸ்டி தாழ்ந்திருந்தால் முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 எடுங்கள். அங்கே அரை மில்லிமீட்டர் உயர்வே போதும். அடிச்சுவர் மாரடைப்பு என்றால் வலது பக்கம் வி4ஆர் எடுக்காமல் நைட்ரேட் (ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து) கொடுக்காதீர்கள். பழைய ஈசிஜி இருக்கிறதா என்று உறவினரிடம் கேளுங்கள். இவை எல்லாமே "இன்னொரு தாள்" என்ற ஒரே பழக்கத்தின் கிளைகள்.

வலி நின்றுபோனவரிடமும் இந்தத் தவறு நடக்கும். 1982இல் இதயநோய் நிபுணர் ஹைன் வெல்லன்ஸ் குழுவினர் விவரித்த மாற்றம் ஒன்று உண்டு: நெஞ்சுவலி வந்து போயிருக்கும், இப்போது வலி இல்லை, ஆனால் வி2, வி3 லீடுகளில் டி அலை ஆழமாகத் தலைகீழாகவோ, முதலில் ஏறிப் பிறகு இறங்கியோ இருக்கும். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் எல்ஏடி குழாயின் தொடக்கப் பகுதி மோசமாகச் சுருங்கியிருப்பதற்கான அடையாளம் அது. அவரை டிரெட்மில்லில் ஓட விடுவது ஆபத்து.

இதைப் பாடத்தில் படிக்கிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தக் குழாய் மறுபடி அடைத்தால், தலைகீழாக இருந்த டி அலை முதலில் நிமிரும். அந்த நேரத்தில் எடுத்த தாளைத் தனியாகக் காட்டினால் பலரும் "நார்மல்" என்றுதான் சொல்வார்கள். முந்தைய தாளைப் பக்கத்தில் வைத்தால் மட்டுமே நிலைமை மோசமாகிவிட்டது என்று புரியும். ஒற்றை ஈசிஜியில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவர் இந்த இடத்தில் முழுசாக ஏமாறுவார்.

இதற்காக என் வகுப்பின் அமைப்பையே மாற்றினேன். முக்கியமான கேஸ்களில் ஒற்றைப் படம் கிடையாது. முதல் தாளைக் காட்டிவிட்டு "இது என்ன" என்று கேட்பதில்லை. "அடுத்து என்ன செய்வீர்கள், எத்தனை நிமிடத்தில்" என்று கேட்கிறேன். சில கேள்விகளுக்குச் சரியான விடையே "இதை வைத்துச் சொல்ல முடியாது, திரும்ப எடுக்க வேண்டும்" என்பதுதான். முதல் சில வாரம் எல்லோரும் தடுமாறுவார்கள், சிலருக்குக் கோபம்கூட வரும், டாக்டர்களுக்குத் "தெரியவில்லை" என்று எழுதிப் பழக்கமில்லை. பரவாயில்லை. உங்கள் பாடத்தில் ஒற்றைப் படங்கள் மட்டுமே இருந்தால், நீங்களே வார்டிலிருந்து ஒரே நோயாளியின் தொடர் தாள்களைப் பெயரை மறைத்துச் சேர்த்து, வரிசையைக் கலைத்துவிட்டு, எது முதலில் எடுத்தது என்று கண்டுபிடித்துப் பழகுங்கள். பொட்டாசியம் ஏறி க்யூஆர்எஸ் அகன்றவருக்குக் கால்சியம் கொடுத்து, சில நிமிடங்களில் அது சுருங்குவதை இரண்டு தாள்களில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர் அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

ஈசிஜி எத்தனை முறை எடுத்தும் சுத்தமாக இருந்தாலும் டிரோபோனினும் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) நோயாளி சொல்லும் கதையும் மிச்சம் இருக்கின்றன. அதையும் மறக்க வேண்டாம்.

## அகலமான க்யூஆர்எஸ், வேகமான துடிப்பு, "பிபி நல்லா இருக்கு, எஸ்விடிதான்"

எஸ்விடி (வேகத் துடிப்பு கீழறைக்கு மேலிருந்து கிளம்புவது) என்று முடிவு கட்ட வேண்டாம்; பிபி நன்றாக இருப்பது விடியை (அது கீழறையிலிருந்தே கிளம்புவது) விலக்காது. விடியோடு எழுந்து உட்கார்ந்து பேசும் நோயாளிகள் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் பிரித்தறிய 1991இல் வந்த புருகாடா முறையின் நான்கு படிகளை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்கூட, முந்தைய மாரடைப்பு உண்டா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். உண்டு என்றால் அந்த ஒரு பதிலே விடியின் பக்கம் பெரிதாகச் சாய்க்கிறது. சந்தேகம் தீரவில்லையென்றால் விடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்விடி என்று எண்ணி வெரபமில் (துடிப்பைக் குறைக்கும் மருந்து) கொடுத்து, அது விடியாக இருந்தால், நல்ல பிபி கண்ணெதிரே விழுந்துவிடும். எஸ்விடியை விடி என்று எண்ணி மின்அதிர்ச்சி கொடுத்தால் அதுவும் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு தவறுகளின் விலையும் ஒன்றல்ல.

## மானிட்டர் திரையில் எஸ்டி பார்ப்பது

வேண்டாம். தாளில் 12 லீட் எடுங்கள்.

## பாடம் பாடமாக மட்டும் படிப்பது

பிளாக் பாடத்தில் வரும் பத்துப் படமும் பிளாக்தான். மூன்றாம் படத்திலிருந்து நீங்கள் ஈசிஜியைப் படிக்கவில்லை, தலைப்பைப் படிக்கிறீர்கள். பாடம் முடிந்ததும் எல்லாப் பாடங்களிலிருந்தும் கலந்து எடுத்துப் படியுங்கள், நிறைய நார்மல் தாள்களையும் சேர்த்து. நார்மலைப் போதுமான அளவு பார்க்காதவருக்கு எல்லாமே நோயாகத் தெரியும்.

## எலெக்ட்ரோடு எங்கே ஒட்டினார்கள் என்று கேட்காதது

திரையில் மட்டுமே பயில்கிறவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றுவதில்லை. வி1, வி2 இரண்டும் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் அது காறை எலும்புக்கு அருகே ஏறிவிடுகிறது. மேலே ஏறினால் வி1, வி2 இரண்டிலும் பி அலை கீழ்நோக்கித் திரும்பும், வலது பிளாக் மாதிரி ஒரு வடிவம் வரும், டி அலை தலைகீழாகும், பழைய மாரடைப்பு என்றுகூடத் தோன்றும். மார்பெலும்பின் மேல்பகுதியில் கையில் தட்டுப்படும் மேட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது விலா. அதற்குக் கீழே இருப்பது இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து எண்ணி இறங்குங்கள். முதல் லீடு முழுக்கத் தலைகீழாகவும் ஏவிஆர் நிமிர்ந்தும் இருந்தால், அபூர்வ நோய்களை யோசிக்கும் முன் வலது, இடது கை வயர் மாறியிருக்கிறதா பாருங்கள். வாரத்துக்கு ஒரு ஈசிஜியாவது உங்கள் கையாலேயே ஒட்டி எடுங்கள்.

## வேகமான துடிப்பில் பேசட் சூத்திரத்தை நம்புவது

க்யூடியைத் துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்தும் இந்தச் சூத்திரம், வேகம் கூடினால் க்யூடியைக் கூட்டிக் காட்டும். ஃபிரிடெரிசியா சூத்திரத்தையும் போட்டுப் பாருங்கள்.

## வெட்டிய போட்டோவை அனுப்புவது

"சார், இது என்ன?" என்று கேட்டு மூன்று லீடுகளின் துண்டுப் படத்தை அனுப்புகிறார்கள். வேகம் தெரியாது, 10 மில்லிமீட்டர் உயரமுள்ள அளவீட்டுக் குறி வெட்டுப்பட்டிருக்கும், தாள் மடிந்திருக்கும், டியூப்லைட்டின் பளபளப்பில் ஏவிஎல் காணாமல் போயிருக்கும். தாளை மேசையில் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து, நான்கு ஓரமும் தெரிய எடுங்கள். நோயாளியின் பெயரை மறைத்துவிடுங்கள். வயது, என்ன தொந்தரவு, எடுக்கும்போது வலி இருந்ததா என்பதை எழுதுங்கள். மெஷின் கடிகாரம் பல நேரம் தவறாக இருக்கும். அதனால் எடுத்தவுடனே தாளின் மூலையில் பேனாவால் நேரத்தையும் "வலி உண்டு" அல்லது "வலி இல்லை" என்பதையும் குறித்துவிடுங்கள். இரண்டாவது தாள் வந்ததும் இரண்டையும் சேர்த்து ஒரே படமாக அனுப்புங்கள்.