காய்ச்சலோடு மேனேஜரிடம் லீவு கேட்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்தால் திருப்பூர் லைன் வீடுகளில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருப்பார். ஷிப்மென்ட் நெருக்கடியும் அதே வாரத்தில்தான் வரும். தீபாவளிக்கு முந்தைய வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். பனியன் கம்பெனியோ, பல்லடம் பக்கத்து நூற்பாலையோ, கோவை ஃபவுண்டரியோ, புதிதாகச் சேர்ந்தவர்கள் அப்போது செய்கிற தவறுகள் வருசா வருசம் மாறுவதே இல்லை. போனை அணைத்து வைக்காதே, உயிரோடு இருக்கிற பாட்டியைச் சாகடிக்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காசு போகிற, சில சமயம் வேலையே போகிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

மேனேஜரின் மனதை இளக வைக்க ஒரு வழியும் இல்லை. அவர் தலைக்கு மேல் ஒருவர் புரொடக்‌ஷன் கணக்குக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் உங்களை நம்பினாரா, திட்டினாரா என்பது அன்றைக்கு மட்டும் வலிக்கும். நீங்கள் சொன்னது எந்தக் காகிதத்தில், எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் சம்பளத்திலும் பிறகு விசாரணையிலும் நிற்கும்.

ஆள் மூலம் சொல்லி அனுப்புவது

பக்கத்து மிஷினில் தைக்கிறவரிடம் “சூப்பர்வைசர்கிட்ட சொல்லிருங்க” என்று விட்டுவிடுவது. அவர் மறந்துவிடுவார். அல்லது சொல்லுவார், சூப்பர்வைசர் மறந்துவிடுவார். இல்லை, ஞாபகமிருந்தும் “எங்கிட்ட யாரும் சொல்லலியே” என்பார். மூன்றுக்கும் வருகை பதிகிற டைம் ஆபீஸில் விழுவது ஒரே குறிதான்: ஆப்சென்ட்.

ஷிப்ட் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே நீங்களே கூப்பிடுங்கள். ஆறு மணி ஷிப்ட் என்றால் ஐந்துக்கு. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உடனே வாட்ஸ்அப்பிலோ எஸ்.எம்.எஸ்ஸிலோ எழுதிப் போடுங்கள். போனில் “சரி சரி” என்று சொன்னது மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. சூப்பர்வைசருக்கு அனுப்புவதையே ஹெச்.ஆருக்கும் அனுப்புங்கள். குரூப்பில் மட்டும் போட்டால் போதாது; மேலே ஏறிப்போய்விடும். செய்தி இவ்வளவு இருந்தால் போதும்:

“வணக்கம் சார். டோக்கன் 214, ஓவர்லாக், மூணாவது லைன். நேத்து ராத்திரியிலிருந்து காய்ச்சலுங்க. இன்னைக்கும் நாளைக்கும் வர முடியாதுங்க. காலையில ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போறேன். சீட்டு வாங்கினதும் படம் அனுப்பறேன்.”

ஈ.எஸ்.ஐ. என்பது சம்பளத்தில் பிடித்துக் கட்டுகிற தொழிலாளர் அரசுக் காப்பீடு; டிஸ்பென்சரி அதன் மருத்துவமனை. செய்தியில் பெயரைவிட டோக்கன் எண் முக்கியம். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கிற கம்பெனியில் தவறான ஆளுக்கு லீவு போட்டுவிட்டு உங்களுக்கு ஆப்சென்ட் போடுவது நடக்கிறது.

நோயை விலாவாரியாகச் சொல்வது

“மேலெல்லாம் வலிக்குதுங்க, தலையும் சுத்துதுங்க, வயிறும் ஒரு மாதிரி இருக்குதுங்க, நேத்து கடையில சாப்பிட்ட பரோட்டாதானுங்க…” என்று நீட்ட நீட்ட, எதிரில் இருப்பவருக்குக் கேள்வி கேட்க இடம் கிடைக்கும். “பரோட்டாவுக்குக் காய்ச்சல் வருமா?” என்பார். அப்புறம் பேச்சு பரோட்டாவைப் பற்றித்தான் போகும். காய்ச்சல் என்றால் காய்ச்சல். நின்றுவிடுங்கள்.

“மாத்திரையைப் போட்டுட்டு வாங்க, முடியலைன்னா மத்தியானம் அனுப்பிடறேன்”

இதற்குத் தலையாட்டுகிறவர்கள்தான் அதிகம். சொல்கிற குரல் கனிவாகவே இருக்கும். அங்கேதான் ஏமாறுவது. மத்தியானம் அனுப்புவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அனுப்பினாலும் கையில் வருவது அரை ஷிப்ட். வேலை செய்த நாளுக்கு ஈ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகையும் கிடையாது. காய்ச்சல் மயக்கத்தில் ஓவர்லாக் ஊசி விரலில் இறங்கினாலோ, ஃபவுண்டரியில் உருக்கு ஊற்றும் இடத்தில் கால் தடுமாறினாலோ, வரச் சொன்னவர் “நானா வரச் சொன்னேன்?” என்பார்.

பதில் ஒன்றே போதும்: “டாக்டர் பார்த்துட்டு என்ன சொல்றாரோ அதச் சொல்றேனுங்க சார்.” மூன்று முறை கேட்டாலும் அதே வரி. “அப்ப வேற ஆளைப் போட்டுக்கட்டுமா?” என்றாலும் அதே வரிதான்.

போனில் சண்டை போடுவது

வேண்டாம். அவர் கூப்பிடுகிற அடுத்த நம்பர் ஹெச்.ஆர்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்

மாரியம்மன் நோம்பிப் படம் போடுகிற நாளில் காய்ச்சல் சொல்லாதீர்கள். சூப்பர்வைசரிடமும் உங்கள் நம்பர் இருக்கிறது.

திங்கட்கிழமைக் காய்ச்சல்

சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை, திங்கள் காய்ச்சல் என்றால் எந்த மேனேஜரும் டாஸ்மாக்கைத்தான் நினைப்பார். நோம்பிக்கு மறுநாளும் அப்படித்தான். நிஜமாகவே திங்கட்கிழமை முடியாமல் போனால் அன்று மட்டும் கூடுதல் கவனம் தேவை: அன்று காலையே டாக்டரைப் பாருங்கள், தேதி போட்ட ஓ.பி. சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமைச் சீட்டு திங்கட்கிழமையைக் காப்பாற்றாது.

நான்காம் நாள் சான்றுக்கு அலைவது

இவ்வளவு பேருக்கு இத்தனை முறை சொல்லியும் திருந்தாத தவறு இதுதான். எரிச்சல் வருவதற்குக் காரணம், பணம் கட்டிய பிறகும் அதை வாங்கத் தெரியாமல் விடுவது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனி ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருந்தால், 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 13,000 ரூபாய் வாங்குகிறவருக்கு மாதம் 98 ரூபாய் பிடிக்கிறார்கள், கம்பெனி 423 ரூபாய் சேர்த்துக் கட்டுகிறது. இதற்கு ஈடாக, நோயில் படுத்த நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்குத் தனிக் கணக்கு. அதற்கு 80 சதவீதம்.

நடப்பது என்ன? திங்கள் காலை காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. செவ்வாயும் அதுவே. புதன்கிழமை தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி. வியாழக்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, “சர்ட்டிபிகேட் இல்லாம உள்ள விடமாட்டேன்” என்கிறார். அப்போதுதான் டிஸ்பென்சரி ஞாபகம் வருகிறது. அங்கே போய், “திங்கட்கிழமையிலிருந்து போட்டுக் குடுங்க டாக்டர்” என்று கெஞ்சுவது. டாக்டர் பரிசோதித்த தேதியைத்தான் போடுவார். முன்தேதி போட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. அவரைத் திட்டிப் பயனில்லை.

தினக்கூலி 500 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பொதுவாக நோயின் முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாட்கள், அவற்றுக்குப் பணம் இல்லை. திங்களே போயிருந்தால் சனி வரை ஆறு நாள் சான்று, இரண்டு கழித்து நாலு நாள், நாளுக்கு 350 வீதம் 1,400 ரூபாய். வியாழன் போனதால் மூன்று நாள் சான்று, இரண்டு கழித்து ஒரு நாள், 350 ரூபாய். 1,050 ரூபாய் போயிற்று. அதைவிட மோசம், திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் வெறும் ஆப்சென்ட்.

இந்த வெறும் ஆப்சென்ட்தான் இரக்கமில்லாத மேனேஜரின் ஆயுதம். 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 73-ஆம் பிரிவாக ஒரு காப்பு எழுதப்பட்டது: நோய்க்கால உதவி பெறுகிறவரையோ, நோய்க்காக மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறவரையோ அந்த நாட்களில் வேலையைவிட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது, அப்போது கொடுத்த நீக்க நோட்டீசும் செல்லாது. அந்த நாட்களில் நோயில் இருந்ததற்குச் சான்று இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீட்டு இருக்கிற நாளுக்கு மேனேஜர் எவ்வளவு கத்தினாலும் கத்தல்தான். சீட்டில்லாத நாளுக்கு அவர் எழுதுகிற மெமோ நிற்கும். நிலையாணை, அதாவது எழுதி வைத்த வேலை விதிகள், உள்ள தொழிற்சாலைகளில், மத்திய அரசின் மாதிரி நிலையாணைப்படி, அனுமதியில்லாமல் 10 நாளுக்கு மேல் வராமல் இருப்பது ஒழுங்கீனம். அடிக்கடி அப்படி வராமல் இருப்பதும் அதில் சேரும்.

ஆகவே காய்ச்சல் என்றால் முதல் நாளே டிஸ்பென்சரி. ஈ.எஸ்.ஐ. அட்டை, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வரிசையிலிருந்து வெளியே வந்துவிடாதீர்கள். “லீவு சர்ட்டிபிகேட் வேணுங்க” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காதவருக்கு யாரும் எழுதித் தருவதில்லை. லீவு ஒரு வாரத்தைத் தாண்டினால் ஏழு நாளுக்குள் மறுபடி போய் இடைச்சான்று வாங்குங்கள். குணமானதும் இறுதிச் சான்று. இறுதிச் சான்று வாங்காமல் நேராக வேலைக்குப் போய்விடுகிறவர்களின் பணம்தான் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மாதக்கணக்கில் நிற்கிறது. சான்றுகளையும் கோரிக்கைப் படிவத்தையும் கிளை அலுவலகத்தில் உடனே கொடுங்கள். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள்.

நடு ராத்திரியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால்? டிஸ்சார்ஜ் சம்மரி, பில், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அத்தனையையும் சேர்த்து எடுத்துப்போய், மாற்றுச் சான்றாக ஏற்கும்படி கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அதற்கு விதியில் இடமுண்டு. ஏற்பது அவர்கள் முடிவு, அதனால் இதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு கணக்கு. பணம் கிடைக்க, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உதவும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரை. ஐப்பசிக் காய்ச்சலுக்குப் பார்க்கப்படுவது போன குளிர்காலத்துக் கணக்கு என்று அர்த்தம். நேற்றுச் சேர்ந்தவருக்குப் பணம் வராது, ஆனால் மருத்துவம் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு, சான்றும் கேட்கலாம். மாதம் 26 நாள் வேலை வாங்கிவிட்டு ஈ.எஸ்.ஐ.யில் 12 நாள் மட்டும் காட்டுகிற கம்பெனிகளும் இருக்கின்றன. பத்து இலக்க காப்பீட்டு எண்ணை வாங்கி, அரசின் உமாங் செயலியில் உங்கள் பேரில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். காய்ச்சல் வருவதற்கு முன் பார்க்க வேண்டியது இது.

சான்று வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுவது

திருப்பூரில் வேலை, வீடு தேனியிலோ ராமநாதபுரத்திலோ. அம்மா பார்த்துக்கொள்வார் என்று கிளம்புவது இயல்புதான். ஆனால் சிகிச்சை நடக்கிற பகுதியை விட்டு வெளியே போக டாக்டரின் அனுமதி வேண்டும் என்பது உதவித்தொகைக்கான நிபந்தனை. கேட்டுவிட்டுப் போங்கள். சான்று நாட்களில் வேறு யூனிட்டில் பீஸ் ரேட்டுக்கு உட்காருவது இன்னும் மோசம். திருப்பூரில் கான்ட்ராக்டர்களுக்குள் பேச்சு ஓடும் வேகத்தை நீங்கள் அறியாததல்ல. அதே நாட்களுக்குக் கம்பெனியின் சம்பள லீவும் எழுதிக் கொடுக்காதீர்கள். சம்பளம் வந்த நாளுக்கு ஈ.எஸ்.ஐ. தராது.

“எனக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை, அதனால் உரிமையும் இல்லை” என்று நினைப்பது

கோவையில் ஐ.டி. ஆபீஸ், ஷோரூம், ஜவுளிக்கடை வேலையில் இருப்பவர்கள் சொல்வது இது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதன்படி ஆண்டுக்கு 12 நாள் வரை நோய்க்காகச் சம்பளத்துடன் லீவு உண்டு, நியாயமான வேறு காரணத்துக்கு இன்னொரு 12 நாள். அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் எதிர்த்துக் கேட்கலாம். கேட்பதை மின்னஞ்சலில் கேளுங்கள். சம்பளம் நடுவில் 21,000-ஐத் தாண்டியவர்களுக்கு ஒரு தகவல்: தாண்டிய மாதமே ஈ.எஸ்.ஐ. நின்றுவிடாது, அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை தொடரும். மே மாதம் சம்பளம் ஏறினால் செப்டம்பர் 30 வரை நீங்கள் உள்ளேதான்.

திரும்பி வந்த நாளில் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவது

வேலைக்கு எடுத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில், நீட்டிய வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். பின்னால் அது ராஜினாமாவாக நிரப்பப்படலாம். விளக்கக் கடிதம் கேட்டால் நீங்களே கைப்பட எழுதுங்கள். “அனுமதியின்றி வராமல் இருந்ததற்கு மன்னிக்கவும்” என்று டைம் ஆபீஸ்காரர் சொல்லிக் கொடுப்பார். அதை எழுதாதீர்கள், நீங்கள் தகவல் சொல்லிவிட்டுத்தான் படுத்தீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உடல்நலக் குறைவு, எத்தனை மணிக்கு யாருக்குச் செய்தி அனுப்பினீர்கள், எந்தச் சான்று இணைத்திருக்கிறீர்கள், இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரையோ கையெழுத்தோ கேளுங்கள். தர மறுத்தால் அன்றே அதைப் படமெடுத்து ஹெச்.ஆருக்கு அனுப்பிவிடுங்கள். கேட்டிலேயே நிறுத்தி உள்ளே விடாவிட்டால், மறுநாளும் ஷிப்ட் நேரத்துக்குப் போய் நில்லுங்கள், வந்து நின்றதைச் செய்தியாக எழுதிப் போடுங்கள், பிறகு அதே காகிதங்களோடு மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் நீங்களாகவே நின்றுவிட்டதாக எழுதிக்கொள்வார்கள்.