குழந்தைக்கு முன் ஊர்: சென்னைப் புறநகரில் குடியேற இடம் தேர்ந்தெடுப்பது எப்படி?

கல்யாணமாகி ஓரிரு வருடம். இருவருக்கும் சென்னையில் வேலை. குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்ற பேச்சு எடுத்ததுமே, "கொஞ்சம் தள்ளிப் போனால் பெரிய வீடாகக் கிடைக்குமே" என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. அடுத்து எல்லோரும் செய்வது வீட்டு விளம்பரம் பார்ப்பது. எத்தனை சதுர அடி, என்ன வாடகை, கார் நிறுத்த இடம் உண்டா என்று பட்டியல் நீள்கிறது.

அந்தப் பட்டியலை மூடி வைத்துவிட்டு முதலில் ஊரைத் தேடுங்கள். வீட்டில் ஒரு குறை இருந்தால் செலவு செய்து சரிக்கட்டலாம், இல்லை வேறு வீடு மாறலாம். ஸ்டேஷன் எவ்வளவு தூரம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், மழையில் தெரு என்ன ஆகும் என்பதையெல்லாம் எந்தக் கொத்தனாராலும் மாற்ற முடியாது. ஊரைத் தேடும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தை பிறந்தபின், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்காகத்தான்.

படி 1: மூன்று இடங்களைக் குறியுங்கள்

ஒரு தாளில் கணவரின் அலுவலகம், மனைவியின் அலுவலகம், உதவிக்கு வரக்கூடிய பெரியவர்களின் வீடு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் அம்மாவோ மாமியாரோ திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து வருவார் என்றால், அரசு விரைவுப் பேருந்து அவரைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். 2023 டிசம்பர் இறுதியில் திறந்த முனையம் அது. ஊரப்பாக்கத்திலோ வண்டலூரிலோ நீங்கள் இருந்தால் பையோடு இறங்குகிறவர் சிறிது நேரத்தில் வீட்டில் இருப்பார். அதே ஆள் திருவள்ளூருக்குப் போக வேண்டுமென்றால் அங்கிருந்து இன்னொரு பயணம் ஆரம்பிக்கிறது. திடீரென்று குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியும்.

படி 2: ரயில் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

ஊரைவிட முதலில் பாதை. சென்னையிலிருந்து மின்சார ரயில் மூன்று திசையில் போகிறது.

தெற்கே கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு, சுமார் 60 கிலோமீட்டர். 1931-லேயே தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்த பாதை இது. எழும்பூர், மாம்பலம், கிண்டி, பரங்கிமலை எல்லாம் இதில் வருவதால், கிண்டியிலோ பரங்கிமலையிலோ மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன.

மேற்கே சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் வழியாக அரக்கோணம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், இந்தப் பாதைதான். பட்டாபிராமில் 2024-ல் டைடல் பூங்கா திறந்த பிறகு இங்கேயே கணினி வேலையும் கொஞ்சம் வர ஆரம்பித்திருக்கிறது.

வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி. வேலை அந்தப் பக்கமே இருந்தால் ஒழிய கைக்குழந்தையோடு அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வராது. மணலி, எண்ணூர் ஆலைகளை ஒட்டிய பகுதிகளில் காற்றைப் பற்றி அங்கே இருப்பவர்களையே கேட்டுப் பாருங்கள்.

ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் தாம்பரத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவில் உள்ள தூரம் சின்னதாகத் தெரியும். மேடவாக்கம் வழியாக ஒரு நாள் காலை பைக்கில் போய்ப் பாருங்கள், புரியும். அலுவலகம் சிறுசேரியில் என்றால் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை இருக்கிறது. ஒருவருக்கு ஒரகடத்தில் வேலை, இன்னொருவருக்கு நகரத்துக்குள் என்றால் சிங்கப்பெருமாள் கோவில் நல்ல நடு இடம்: ஒரகடம் சாலை அங்கிருந்துதான் பிரிகிறது, ரயிலும் இருக்கிறது.

படி 3: வாசலிலிருந்து வாசல் வரை அளந்து பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டும். "ஸ்டேஷன் பத்து நிமிஷம்" என்று புரோக்கர் சொல்வார். எதில் பத்து நிமிஷம் என்று சொல்ல மாட்டார். ரயிலில் ஐம்பது நிமிடம் என்றால் பயணமும் ஐம்பது நிமிடம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷன், வண்டி நிறுத்துவது, நடைமேடைப் படிக்கட்டு, ரயிலுக்குக் காத்திருப்பது, இறங்கியபின் ஷேர் ஆட்டோவோ பேருந்தோ, அப்புறம் அலுவலக லிஃப்ட் என்று எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒரு திங்கட்கிழமை காலை இருவரும் அந்த ஊரிலிருந்தே கிளம்பி அலுவலகம் போய்ப் பாருங்கள். மாலையில் அதே வழியாகத் திரும்பியும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. கூட்டம் இருக்காது என்பதோடு, பராமரிப்பு வேலைக்காக அன்று ரயில்களையும் அடிக்கடி குறைத்துவிடுவார்கள்.

போகும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள்.

ஒன்று, ரயில் எங்கிருந்து புறப்படுகிறது என்பது. தாம்பரம், செங்கல்பட்டு, ஆவடி, திருவள்ளூர் ஆகிய இடங்களிலிருந்தே கிளம்பும் ரயில்கள் உண்டு. அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். செங்கல்பட்டில் நிரம்பி வரும் ரயிலில் பெருங்களத்தூரில் ஏறுபவருக்கு நிற்கத்தான் இடம். ஏழு மாத வயிற்றோடு நிற்பது யார் என்று யோசித்தால், கொஞ்சம் தூரம் கூடினாலும் புறப்படும் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் நல்லது என்பேன். மகளிர் பெட்டியையும் மனைவி ஏறும் நேரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025 முதல் கடற்கரை – செங்கல்பட்டு இடையே குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. கட்டணம் கூடுதல், எண்ணிக்கை குறைவு. அதை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், கிடைத்தால் வசதி.

இரண்டாவது, ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கடைசி இரண்டு கிலோமீட்டர். புது லேஅவுட்கள் பெரும்பாலும் ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளித்தான் இருக்கும். இரவு எட்டு மணிக்கு அந்தச் சாலையில் விளக்கு எரிகிறதா? ஷேர் ஆட்டோ எத்தனை மணி வரை ஓடும்? நடுவில் ரயில்வே கேட் இருக்கிறதா? மழை பெய்தால் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்குமா? ஓர் ஊரை நான் ஒதுக்கச் சொன்னால், பெரும்பாலும் இந்த இரண்டு கிலோமீட்டர்தான் காரணமாக இருக்கும்.

இருவரில் யாருக்கு அலுவலக நேரம் கறாரோ, அவருடைய பயணம் சுருக்கமாக இருக்கட்டும். மனைவியின் பயணத்தை "எப்படியும் கொஞ்ச நாளில் லீவு போடுவாள்" என்று கணக்கில் சேர்க்காமல் விடுகிற வீடுகள் இருக்கின்றன. லீவு முடிந்து அவர் திரும்பவும் அதே ரயிலில்தான் போக வேண்டும், வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு.

படி 4: ஆஸ்பத்திரியை இரவில் பாருங்கள்

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். அதனால் "இங்கே ஆஸ்பத்திரி எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வளைகாப்பு வரைக்கும் மாதாந்திரப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் இங்கேதான் நடக்கும். குழந்தையோடு திரும்பி வந்தபின் தடுப்பூசி, சளி, வயிற்றுப்போக்கு எல்லாம் இங்கேதான். ஆகவே பாருங்கள்.

முதலில் அந்தப் பகுதிக்கான ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று கேளுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொண்டாலும், கருவுற்றதும் கர்ப்பிணிகளுக்கான அரசின் பிக்மி (PICME) பதிவில் சேர்ந்து எண் வாங்க வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவை. தகுதி உள்ளவர்களுக்குக் கிடைக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அதுதான் ஆதாரம். தடுப்பூசி புதன்கிழமைகளில் போடுவார்கள். பிறந்தவுடன் போடுவதோடு 6, 10, 14-ஆவது வாரங்கள், ஒன்பது மாதம் என்று அது தொடரும். நடந்து போகும் தூரத்தில் அந்த நிலையம் இருந்தால் பாதிக் கவலை விட்டது.

அப்புறம் தனியார் மருத்துவமனை. போர்டில் உள்ள பெயரைப் பார்க்காமல் உள்ளே போய்க் கேளுங்கள்: குழந்தைகள் டாக்டர் இரவில் இங்கேயே இருப்பாரா, கூப்பிட்டால் வருவாரா? பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள்? அந்த இடத்துக்கு இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை வண்டியில் போய் வாருங்கள். தெற்குப் பாதையில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பெரிய துணை. நகரத்துக்குள் எழும்பூரில் மகப்பேறுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாகப் பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. 108-ஐ அழைத்தால் உங்கள் வீட்டை அடையாளம் சொல்ல முடியுமா என்பதையும் யோசியுங்கள். புது லேஅவுட்களில் தெருப்பெயர்ப் பலகையே இருக்காது.

படி 5: மழையில் பாருங்கள், வெயிலிலும் பாருங்கள்

2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. 2023-ல் மிக்ஜாம் புயலிலும் புறநகர்கள் தத்தளித்தன. ஒரே ஊரில் ஒரு தெரு மிதக்கும், அடுத்த தெரு காய்ந்திருக்கும். அதனால் ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாமல் தெருவில் விசாரியுங்கள். வீட்டுக்காரர் "தண்ணியே நிக்காது" என்பார். பால் போடுபவர், இஸ்திரி போடுபவர், மூலைக்கடைக்காரர் ஆகியோரிடம் கேளுங்கள். சாலையைவிட வீட்டுத் தரை தாழ்ந்திருக்கிறதா, மதிலில் பழைய தண்ணீர்க் கறை தெரிகிறதா, பக்கத்து ஏரியின் உபரிநீர்க் கால்வாய் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். முடிந்தால் நவம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள்.

மே மாதத்தில் கேள்வி வேறு. போர் தண்ணீர் உப்பா? வீட்டில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, மாதம் எவ்வளவு ஆகிறது? செப்டிக் டேங்க் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள்? கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி துணி துவைக்க வேண்டியிருக்கும் என்று அனுபவப்பட்டவரைக் கேட்டால் இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

படி 6: ஆறரை மணிக் கணக்கு

2017 திருத்தத்துக்குப் பிறகு சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதற்கு, முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஊரோடு வேலையையும் மாற்றுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் அது அலுவலகம் பக்கம் இருந்தால், நெரிசல் நேர ரயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவீர்களா? வீட்டுப் பக்கத்துக் காப்பகம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று கேட்டு, படி 3-ல் அளந்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஆறு மணிக்கு மூடுகிறது, நீங்கள் ஏழரைக்குத்தான் வருவீர்கள் என்றால், பாட்டி வேண்டும் அல்லது நம்பிக்கையான ஆயா வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த ஊர் உங்களுக்கு இல்லை, வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பாட்டி வந்து தங்கப்போகிறார் என்றால் அவருக்கும் அந்த ஊர் பிடிக்க வேண்டும். தரைத்தளமோ லிஃப்டோ இருக்கட்டும். நடக்கிற தூரத்தில் கோயில், காய்கறிக் கடை, பேச நாலு பேர் இருக்கட்டும். எட்டாவது மாடியில் பகல் முழுக்கக் குழந்தையோடு தனியாக அடைந்து கிடக்கும் அம்மாவால் எத்தனை மாதம் தாங்க முடியும்?

பள்ளிக்கூடத்துக்கு இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அங்கன்வாடி, நல்ல பெயருள்ள ஒன்றிரண்டு பள்ளிகள் அருகில் இருந்தால் போதும். மீதிக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

படி 7: முதலில் வாடகைக்குப் போங்கள்

இரண்டு ஊர் மிஞ்சியிருக்கும். மாலைப் பயணம் எதில் சுருக்கமோ அதை எடுங்கள். உடனே வாங்காதீர்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அடங்கும்படி ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். அப்புறமும் பிடித்திருந்தால் அதே ஊரில் மனையோ ஃபிளாட்டோ பாருங்கள். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

எப்போது மாறுவது? முடிந்தால் கரு உண்டாவதற்கு முன்பே. சாமான் தூக்குவது, கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி மாற்றம் எல்லாம் மசக்கை இல்லாத நாளில் முடிந்துவிடும். மாறிய முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தப் பகுதிக்கான கிராம அல்லது நகர்ப்புறச் செவிலியரின் தொலைபேசி எண்ணை வாங்கி இருவர் போனிலும் பதிந்து வையுங்கள்.