கொரோனா காலத்தில் இங்கிலாந்தில் ஆபரேஷன்: புதிதாக வந்தவர்கள் செய்துவைக்க வேண்டியவை

இங்கிலாந்துக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, அதற்குள் பித்தப்பைக் கல்லுக்கோ குடலிறக்கத்துக்கோ ஆபரேஷன் தேதி வந்துவிட்டது, 2021 கொரோனா நேரத்தில் போகலாமா என்று பலர் கேட்டார்கள். டாக்டர் தள்ளிப்போடச் சொல்லாதவரை தேதியை விடாதீர்கள். 2020 மார்ச்சில் அவசரமில்லாத ஆபரேஷன்களை நிறுத்திவைக்கச் சொன்னதிலிருந்து என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையின் காத்திருப்பு வரிசை மிகவும் நீண்டுவிட்டது, அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊரில் ஆபரேஷன் என்றால் கூடவே நாலு பேர் போவோம். ஒருவர் டாக்டரிடம் பேசுவார், ஒருவர் மருந்துக்கு ஓடுவார், ஒருவர் ஃபிளாஸ்க்கோடு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். இங்கே 2021இல் பெரும்பாலும் துணைக்கு வருபவர் வாசலோடு சரி, நோயாளி மட்டும்தான் உள்ளே போக முடிந்தது. துணை உள்ளே வர முடியாவிட்டால் மற்றவர்கள் உங்களுக்காகச் சொல்லும் எல்லாவற்றையும் நீங்களே முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், தயாரிப்பு என்பதில் முக்கால்வாசி அதுதான்.

முதலில் ஃபோன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பில் பல நேரம் நம்பரே தெரியாது, ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்துக் கட் பண்ணிவிடாதீர்கள். வீடு மாறியிருந்தால் ஜிபி என்னும் குடும்ப டாக்டரிடமும் ஆஸ்பத்திரியிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள், கடிதம் பழைய முகவரிக்குப் போய்த் தேதி தவறிப்போவது இங்கே சாதாரணம்.

ஆங்கிலத்தில் உடம்பைப் பற்றிப் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தேதி வந்த அன்றே கேளுங்கள். காசு கிடையாது, ஃபோனிலேயே இணைப்பார்கள். பையனோ கணவரோ பேசிக்கொள்வார் என்று விடாதீர்கள். சம்மதக் கையெழுத்து போடும்போது ஆபத்துகளை நீங்கள் புரிந்துகொண்டீர்களா என்பதுதான் கேள்வி, வீட்டு ஆட்கள் பாதியை மறைத்துத்தான் சொல்வார்கள்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு நர்ஸ் கூப்பிட்டு விவரம் கேட்பார், இப்போது நிறைய இடங்களில் அதுவும் ஃபோனில்தான். மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு பேசுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை, சித்த மருந்து, லேகியம், சூரணம் எல்லாம் மருந்துதான், ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள், சிலது ரத்தம் உறைவதைப் பாதிக்கும். சர்க்கரை அளவை இங்கே வேறு கணக்கில் சொல்வார்கள்: நம் ஊர் 126 இங்கே 7. குழம்ப வேண்டாம், ஊர் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை 18ஆல் வகுத்தால் போதும், இங்கத்திய எண் கிடைக்கும். சர்க்கரை மாத்திரையை எந்த நாளில் நிறுத்துவது என்பதை அந்த நர்ஸிடமே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கொரோனா டெஸ்ட். 2021இல் வழக்கமாக ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் எடுத்தார்கள், எடுத்ததிலிருந்து அட்மிட் ஆகும்வரை வெளியே போகக் கூடாது என்றார்கள். சில ஆஸ்பத்திரிகள் அதற்கு மேலும் கேட்டன. உங்களுக்கு வரும் கடிதத்தில் இருப்பதுதான் கணக்கு. லண்டனில் ஈஸ்ட்ஹாம் மாதிரி இடங்களில் ஒரே சமையலறையை ஐந்தாறு பேர் பகிரும் வீட்டில் இருந்தவர்களுக்கு இது லேசான காரியமாக இல்லை. கடிதம் அப்படிக் கேட்டால் மற்றவர்களிடம் முன்பே பேசி, சமைக்கும் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஏற்கனவே கொரோனா வந்திருந்தால் மறைக்காதீர்கள். தொற்று வந்து ஏழு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் உயிராபத்து கூடுகிறது என்று 116 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2021 மார்ச்சில் வெளிவந்தது. தேதி தள்ளிப்போகுமே என்று வாயை மூடிக்கொள்வது உங்கள் உயிரோடு விளையாடுவது. தடுப்பூசிக்கும் ஆபரேஷனுக்கும் இடையே ஒரு வாரமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் காய்ச்சல் வந்தால் எதனால் என்று தெரியாது.

விரலில் மருதாணியோ நெயில் பாலிஷோ வேண்டாம், விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் சரியாகக் காட்டாமல் போகலாம். தாலிக்கொடியைக் கழற்ற மனசு வராது, தெரியும். ஆனால் ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவி வைத்திருப்பார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் வெந்துபோகும் அபாயம் உண்டு. பொன்னை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் கேட்டுவைத்தால் அன்று காலையில் கண்கலங்க வேண்டியிராது. வெறும் வயிறு என்றால் பொதுவாக ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது. பால் டீயும் சாப்பாட்டுக் கணக்குதான், தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம்.

விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்னும் மருத்துவக் கட்டணம் கட்டி வந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குத் தனிக் கட்டணம் இல்லை. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு அப்படி இல்லை, முன்பணம் கேட்பார்கள். 2021இல் கொரோனா டெஸ்டும் சிகிச்சையும் எல்லோருக்கும் இலவசமாக இருந்தன.

முழு மயக்கம் கொடுத்தால் அன்றே அனுப்பினாலும் ஒரு நாள் முழுக்கப் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும், தனியாக இருப்பவர்கள் ஆளை இப்போதே பேசிவைத்து, அவர் நம்பரை ஃபோனில் மட்டுமில்லாமல் காகிதத்திலும் எழுதிக்கொண்டு போங்கள். வேலைக்கான மருத்துவச் சான்றை வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு ஜிபியைப் பிடிப்பது கஷ்டம். வீட்டுக்கு வந்தபின் காயம் சிவந்து வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும் நம்பருக்கு, கிடைக்காவிட்டால் என்.எச்.எஸ். உதவி எண்ணான 111க்கு அழையுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் யோசிக்காமல் அவசர எண்ணான 999.