பழைய கைபேசியைக் கைமாற்றும் முன்

பழைய கைபேசியை விற்பது என்று முடிவானதும் பலர் முதலில் கேலரியைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்குகிறார்கள். அது வீண் வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. கைபேசியையும் இணையச் சேமிப்பகமான கிளவுடையும் ஒன்றுபோல வைத்திருக்கும் ‘சிங்க்’ இயங்கிக்கொண்டிருந்தால், கைபேசியில் அழிக்கும் படம் கிளவுடிலிருந்தும் சேர்ந்தே போய்விடும். ஆகவே எதையும் கையால் அழிக்காமல், பேக்கப்பிலிருந்து தொடங்குங்கள்.

‘பேக்கப் முடிந்தது’ என்ற அறிவிப்பை மட்டும் நம்பாமல், புதிய கைபேசியில் நான்கைந்து பழைய படங்களையும் சில தொடர்பு எண்களையும் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களுக்குத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும். பெரும்பாலானோர் மறப்பது, உள்நுழைவுக்கான ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலியை. அதைப் புதிய கைபேசிக்கு மாற்றாமல் பழையதைத் துடைத்துவிட்டால், சொந்த மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாமல் வெளியில் நிற்க நேரிடும். இதற்காகவே, புதியது வந்த பிறகும் பழையதை ஒரு வாரமாவது வைத்திருப்பது நல்லது என்பேன்.

அடுத்தது கணக்குகள். திருட்டைத் தடுப்பதற்காக ஐபோனில் 2013-இல் ஐஓஎஸ் 7 உடனும், ஆண்ட்ராய்டில் 2015-இல் 5.1 பதிப்புடனும் ஒரு பூட்டு வந்தது. பொத்தான்களை அழுத்தி, எல்லாவற்றையும் அழித்துப் புதியதுபோல் ஆக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் அது பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்கும். எனவே ஐபோனில், தொலைந்த கைபேசியைத் தேட உதவும் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைத்து ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் சென்று கூகுள் கணக்கை நீக்குங்கள்.

சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். மெமரி கார்டைக் கைபேசியோடு கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. சாதாரண ஃபார்மட், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் அழிக்கிறது. கோப்புகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும், இலவச மென்பொருளே அவற்றை மீட்டுத் தந்துவிடும்.

கைபேசியின் உள்நினைவகத்தின் கதை வேறு. ஆண்ட்ராய்டு 10 (2019) அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புடன் வெளிவந்த கைபேசிகளிலும், 2009-இன் 3ஜிஎஸ் முதலான ஐபோன்களிலும் தரவு குறியாக்கம் செய்யப்பட்டே, அதாவது டிஜிட்டல் சாவி ஒன்று இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டே, சேமிக்கப்படுகிறது. ஃபேக்டரி ரீசெட் அந்தக் குறியாக்கத்தின் சாவியை அழித்துவிடுவதால், எஞ்சியிருப்பது படிக்க முடியாத எழுத்துக் குவியல்தான். மிகப் பழைய ஆண்ட்ராய்டு என்றால், செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, குறியாக்கம் இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் அதை இயக்கி முடித்த பிறகே ரீசெட் செய்யுங்கள்.

ரீசெட் முடிந்து மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வரவேற்புத் திரை வந்ததும் அணைத்துவிடாமல், வைஃபையில் இணைத்து இரண்டு மூன்று படிகள் முன்னே சென்று பாருங்கள். முந்தைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் பூட்டு இன்னும் விலகவில்லை என்று பொருள். வாங்கியவர் உங்களைத் தேடி வருவதற்கு முன் நீங்களே சரிசெய்துவிடலாம்.

தொடுதிரை மட்டும் செயலிழந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில், கைபேசியின் சார்ஜ் துளையில் யுஎஸ்பி கருவிகளை இணைக்க உதவும் ஓடிஜி இணைப்பான் வழியாக மவுஸைச் செருகி இந்த வேலைகளை முடிக்கலாம். அடியோடு உயிர்விட்ட கைபேசியானால், வேறு கருவியிலிருந்து உங்கள் கணக்கின் சாதனப் பட்டியலில் அதை நீக்கி, முக்கியக் கடவுச்சொற்களை மாற்றிவிட்டு, மின்கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள். சுத்தியலால் உடைப்பதோ துளையிடுவதோ வேண்டாம். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி சேதமடைந்தால் தீப்பற்றக்கூடும்.