மும்பையில் எது டாக்ஸி, எது கேப்?

போன மாதம் அக்கா மகன் தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு வந்தான். தாதரில் இறங்கி, "மாமா, கேப் எங்க நிக்கும்?" என்று போன் செய்தான். நானும் யோசிக்காமல், "வெளியே வரிசையா நிக்குமேப்பா" என்று சொல்லிவிட்டேன். போனில் புக் செய்த வண்டிக்காக டாக்ஸி வரிசையில் இருபது நிமிடம் நின்றிருக்கிறான். அந்த வண்டியோ பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, ஆளைக் காணோம் என்று போய்விட்டது. செம்பூரில் இருபத்தாறு வருடம் குடியிருந்தும் இதைச் சொல்லித் தரவில்லையே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

அகராதியில் இரண்டும் ஒன்றுதான். மும்பைப் பேச்சில் வேறு வேறு. டாக்ஸி என்றால் காளி பீலி: கறுப்பு வண்டி, மஞ்சள் கூரை. பழைய பத்மினி கார்கள் 2023 அக்டோபரோடு போய்விட்டன, பெயர் மாறவில்லை. கை காட்டி நிறுத்தி, "பய்யா, சயன் சலோகே?" (அண்ணே, சயனுக்கு வருவீங்களா?) என்று கேளுங்கள். ஏறியதும் மீட்டர் போட்டாரா என்று பாருங்கள். கேப் என்றால் ஆப்பில் புக் செய்வது, அல்லது ஆபீஸ் அனுப்புவது. அதற்குக் கை காட்டிப் பயனில்லை. வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறி, ஓடிபி சொல்ல வேண்டும்.

குழம்பினால் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸி என்ற பெயரே கட்டணம் காட்டும் டாக்ஸிமீட்டரிலிருந்து வந்ததுதான். கேப் அதைவிடப் பழசு. பிரெஞ்சுக்காரர்களின் 'கேப்ரியோலே' என்ற இரண்டு சக்கரக் குதிரை வண்டி துள்ளித் துள்ளி ஓடும். ஆட்டின் துள்ளலிலிருந்து வந்த பெயர் அது. 1820களில் லண்டனில் அதைச் சுருக்கி கேப் ஆக்கினார்கள்.

ஆட்டோவை யாரும் கேப் என்று சொல்வதில்லை. அது மாஹிம், சயன் தாண்டித் தெற்கே வராது என்பதால், தாதரிலும் மாட்டுங்காவிலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

அப்புறம் உச்சரிப்பு. நம் எழுத்தில் வண்டியும் கேப், தொப்பியும் கேப், 'கேப்புல கெடா வெட்டுறது' என்கிறோமே, அந்த இடைவெளியும் கேப். ஆங்கிலத்தில் பேசும்போது மூன்றும் தனித்தனி. 'அம்பு' என்னும்போது வருகிற பு போலக் கடைசி ஒலியை மென்மையாக முடித்தால் வண்டி. 'அப்பா'வில் வருகிற மாதிரி அழுத்தி முடித்தால் தொப்பி. முதல் ஒலி 'தங்கை'யின் கை போல வந்தால் இடைவெளி. நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

இன்டர்வியூவில் "கேப் ஃபெசிலிட்டி இருக்கு" என்றால் உடனே சந்தோஷப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். போக வர இரண்டுக்குமா, நைட் ஷிஃப்டுக்கு மட்டுமா, சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேளுங்கள். முக்கியமாக, எந்த இடம் வரைக்கும் வரும்? தாராவியின் சந்துகளுக்குள் கார் நுழையாது. '90 அடி ரோடு' என்ற மெயின் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். தங்கச்சியோ மகளோ ராத்திரி ஒரு மணிக்கு அந்த இடத்தில் இறங்குவதாக இருந்தால், யார் போய்க் கூட்டி வருவது என்பதை வேலையில் சேரும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.